டென்மார்க்கில் ஒரு பனியன் ஊர்

டென்மார்க்குக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. டீ-ஷர்ட் சாம்பிள்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஆர்டர் கேட்கப் போனேன். கம்பெனியும் என்னுடையதல்ல, என் மச்சானுடையது. திருப்பூரில் பனியன் தைத்து மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தவனுக்கு, பம்பாய் ஏஜெண்டு ஒருவர் வந்து வெளிநாட்டு ஆசையைக் கிளப்பிவிட்டுப் போனார். மச்சானுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும். அவனிடம் சேர்வதற்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பூகோள வாத்தியாரை உலகம் சுற்ற அனுப்புவது நியாயம்தானே என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். நான் நடத்திய உலகமெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கிய உலகம். அதில் டென்மார்க் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு தொழில் ஓர் ஊரில் அமைவதற்கான காரணங்களை எழுதுக என்று வருஷா வருஷம் பத்து மார்க் கேள்வி வரும். மூலப்பொருள், தண்ணீர், மின்சாரம், கூலியாட்கள், போக்குவரத்து, சந்தை என்று பையன்கள் மனப்பாடமாக எழுதுவார்கள். நானும் சரி போட்டுக்கொண்டே போவேன். இதில் பாதி எங்கள் ஊருக்கே பொருந்தாது என்பதை வகுப்பில் சொன்னதில்லை. நொய்யல் ஆற்றில் தண்ணீர் வருகிற மாதத்தைவிட வராத மாதங்கள் அதிகம். மின்சாரம் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். துறைமுகம் எங்கோ இருக்கிறது. ஆனாலும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பனியன் மெஷின் ஓடுகிற சத்தம்தான்.

நான் போகவேண்டிய ஊர் ஹேர்னிங். ஜட்லாந்து என்ற மேற்குப் பகுதியின் நடுவில் இருக்கிறது. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் போகும்போது நடுவில் கடல் குறுக்கிடுகிறது. அவர்கள் அதற்காகச் சிரமப்படவில்லை. ரயிலையே பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். எல்லோரும் மேல்தட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கரை வரும்போது இறங்கி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நானும் மேலே போனேன். கறுத்த ரொட்டித் துண்டு ஒன்றின் மேல் ஊறுகாய் போட்ட பச்சை மீனை வைத்துக் கொடுத்தார்கள். மீன் புளிப்பும் இனிப்புமாக இருந்தது. நம் ஊரில் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வோம், அவர்கள் ஊறுகாயையே சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள். அந்த ஆச்சரியத்தோடு கீழே வந்தவன், பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெட்டிகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி ஜன்னல். சாம்பிள் பெட்டியைக் கையோடு மேலே கொண்டுபோயிருந்தது புண்ணியம்.

அந்த ரயில் ஓகூஸ் என்ற பெரிய துறைமுக ஊருக்குப் போகிற ரயில். டிக்கெட் பார்க்க வந்தவர் விஷயத்தைச் சொன்னபோது, அபராதத்துக்குத் தயாராகச் சட்டைப் பையில் கை வைத்தேன். அவரோ டிக்கெட்டின் பின்னால் ஏதோ கிறுக்கி, "ஓகூஸில் இறங்கி வேறு ரயில் பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்காக ஹேர்னிங் கம்பெனிக்குப் போனும் போட்டுக் கொடுத்தார். ஈரோடு ஜங்ஷனில் இப்படி ஒருவர் கிடைப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கலாம். ஆனால் அவர் டிக்கெட் பரிசோதகராக இருக்கமாட்டார்.

ஓகூஸில் தூறல். சைக்கிள்காரர்கள் தலையில் ஒன்றும் போடாமல் அதில் நனைந்துகொண்டே போனார்கள். ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை. அடுத்த ரயில் பிடித்து ஹேர்னிங் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் ஆரம்பிக்கும் முன்பே இருட்டிவிடுகிற பருவம் அது.

பிளாட்பாரத்தில் தடித்த கோட்டுக்குள் நம் நிறத்தில் ஒருவர் நின்றார்.

"அண்ணை, திருப்பூரில இருந்து வாறது நீங்கள்தானே? ஓம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு ரெயில் பாத்திட்டன்."

தமிழைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பெயர் அருள்நேசன். இலங்கையில் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ஊரில் கலவரம் முற்றிய பிறகு தப்பி வந்து, அகதியாக இடம் கிடைத்து, மொழிப் பள்ளிக்கூடத்தில் டேனிஷ் படித்தவர். நான் பார்க்க வந்த கம்பெனியில்தான் துணி வெட்டுகிற மேசையில் வேலை. தையல்காரப் பெண்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு டேனிஷ் வராது, அதனால் முதலாளி இவரை மொழிபெயர்க்க அனுப்பியிருந்தார். முதலாளி பெயர் யென்சன். வேலையாட்கள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கடைசிவரை அது வாயில் வரவில்லை.

மறுநாள் காலை யென்சன் தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். அறுபதை நெருங்குகிறவர், நெட்டை. தொழிற்சாலையைக் காட்டுவார் என்று பார்த்தால், ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் நிறுத்தினார். மணல். அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புப் புதர். காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"பின்னலாடைத் தொழில் ஏன் இங்கே வந்தது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இதுதான் காரணம்" என்று காலால் மணலைத் தட்டினார்.

"இங்கே ஒன்றுமே இல்லையே?"

"அதனால்தான். இதில் என்ன விளையும்? ஆடு மட்டும் மேயும். ஆடு மேய்த்துக்கொண்டே ஆணும் பெண்ணும் நடந்து நடந்து அதன் கம்பளியில் காலுறை பின்னினார்கள். அதை ஊர் ஊராகத் தூக்கிப் போய் விற்கிற உரிமையை அந்தக் கால ராஜா இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கொடுத்தார். நல்ல மண் உள்ளவன் பயிர் வைத்தான். எங்களுக்கு மண் வாய்க்கவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கதையும் இதுதான். கிணறு வற்றி, சோளமும் சரியாக விளையாத பூமியிலிருந்து வந்தவர்கள்தான் ஆளுக்கொரு மெஷின் போட்டு உட்கார்ந்தார்கள். காவிரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கிறவன் பனியன் தைக்க ஏன் வரப்போகிறான்? இதை யென்சனிடம் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டு, மணலில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆற்று மணலைவிடப் பொடியாக இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு தெருவை மெதுவாகக் கடந்தோம். மெஷின் ஊசி விற்கிற கடை, அதற்கு அடுத்து எலாஸ்டிக், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டி செய்கிறவன், மெஷின் ரிப்பேர்க்காரன் என்று வரிசையாக இருந்தார்கள். ஊசி முறிந்தால் டீ ஆறுவதற்குள் வேறு ஊசி வந்துவிடும் என்றார் யென்சன். எங்கள் ஊரிலும் அப்படித்தான். முதலில் ஒருவன் வேறு வழியில்லாமல் ஆரம்பிக்கிறான். அவனுக்கு ஊசி விற்க ஒருவன் வருகிறான். ஊசி கிடைக்கிறது என்று மூன்றாவது ஆள் வருகிறான். அதற்குப் பிறகு அந்த ஊரைவிட்டு வேறு எங்கே போய் ஆரம்பித்தாலும் அவதிதான். இதை என் மாணவன் எவனாவது எழுதியிருந்தால் நான் தப்புப் போட்டிருப்பேன்.

கம்பெனிக்கு வந்தபோது காலைக் காப்பி நேரம். பெரிய கூடத்தில் நீள மேசைகள். பட்டப்பகலில் மேசைக்கு மேசை மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். தையல் பெண்கள், வெட்டுகிறவர்கள், கணக்கர், முதலாளி எல்லோரும் கலந்து உட்கார்ந்து, ஒரே கூஜாவிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டார்கள். எனக்கும் வெண்ணெயில் செய்த ஏதோ பலகாரம் ஒரு துண்டு வந்தது. அருள்நேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யென்சன் எழுந்திருக்காமலே பேச ஆரம்பித்தார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல். அருள்நேசன் அதே குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இவர் இந்தியாவில இருந்து வந்திருக்கிறார் எண்டு சொல்லுறார். இவையளின்ர சாம்பிள் நல்லா இருந்தால் டீ-ஷர்ட் முழுக்க அங்க குடுக்கப்போறாராம். இஞ்ச டிசைனும் ஸ்டோரும் மட்டும்தான் மிஞ்சும். வெட்டுறதும் தைக்கிறதும் வசந்த காலத்தோட நிக்குமாம். கூலியும் சாயத் தண்ணிக்கு உள்ள சட்டமும் தனக்குக் கட்டுப்படியாகேல்லையாம்."

நான் அதுவரை இது கூடுதல் ஆர்டர் என்றுதான் நினைத்திருந்தேன். ஏஜெண்டு எங்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"உங்க வேலையுமாங்க தம்பி?"

"ஓம்."

பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். ஒருத்தரும் கத்தவில்லை. ஒரு பெண், மெஷின்களை விற்கப்போகிறீர்களா, என்னுடையதை நான் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பலகாரத் தட்டு மறுபடி சுற்றி வந்தது, என் முன்னாலும் நின்றது. எங்கள் ஊரில் ஒரு கம்பெனி மூடப்போகிறது என்பது, கேட்டில் பூட்டுத் தொங்கும் காலையில்தான் வேலைக்காரனுக்குத் தெரியும். இங்கே பூட்டுச் சாவியை நான்தான் எடுத்து வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்துக் காப்பியும் கொடுக்கிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் அடுத்து வந்தது. சாம்பிளைப் பரிசோதிக்கப் போவது யார் தெரியுமா? அந்தத் தையல் பெண்களேதான். அவர்களுடைய தொழிற்சங்கப் பிரதிநிதி கிர்ஸ்டன் என்ற பெண்மணி. கை அகலமான, குட்டை முடி வைத்த அம்மாள். என் பெட்டியிலிருந்த சட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பி, தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். துவைத்துக் காயவைத்து நாளை சொல்கிறேன் என்றாள். தன் சோற்றில் மண் விழுமா விழாதா என்று அவளையே சோதித்துச் சொல்லச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சட்டைகள் ராத்திரிக்குள் கிழிந்திருக்கும்.

சாயங்காலம் அருள்நேசன் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் தயங்கினேன்.

"என்னங்க தம்பி, உங்க வேலையைப் பறிக்க வந்தவனுக்கு நீங்களே சோறு போடறீங்களா?"

"சாப்பாடு வேற, வேலை வேற அண்ணை. வாங்கோ. மத்தியானமும் குளிர்ந்த ரொட்டிதானே தந்தவங்கள்."

அது நிஜம். அந்த நாட்டில் மத்தியானத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. கறுத்த ரொட்டி, அதன் மேல் ஈரல் அரைத்த பசை, அதன் மேல் வெள்ளரி. ஒரு வாய் சூடான சோற்றுக்காக யார் எங்கே கூப்பிட்டாலும் போயிருப்பேன்.

அவர் ஒரு மட்டக்களப்புக்காரரோடு சேர்ந்து வாடகைக்கு இருந்தார். அந்த ஆளுக்கு அன்று மாலை வேலை. தக்காளிச் சாற்றில் அடைத்த கானாங்கெளுத்தி மீன் டின்கள் அந்த நாட்டில் ஒவ்வொரு கடையிலும் மலிவாகக் கிடைக்கின்றன. டேனிஷ்காரர்கள் அதை அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். இவர் அதில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, ஊரிலிருந்து வந்த வறுத்த மிளகாய்த்தூளைப் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரி இல்லை, அதைவிடக் காரம். மூக்கில் நீர் வந்தது, சுகமாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். மனைவி ரீட்டாவும் பெண் குழந்தையும் படகில் ராமேஸ்வரம் வந்து, இப்போது திருச்சியில் ஓர் அறை எடுத்து இருக்கிறார்கள்.

"திருச்சியா? எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா அரை நாள்தானுங்க."

"ஓம், அவவும் எழுதினவ. அவையளைக் கூப்பிடத்தான் அண்ணை இந்த வேலை. கொம்யூன் ஒஃபீசில சொல்லினம், நிரந்தர வேலையும் கொஞ்சம் பெரிய வீடும் இருந்தால் கூப்பிடுறது லேசு எண்டு. வீடு பாத்திட்டன்."

கொம்யூன் என்பது அவர்கள் ஊர் நகராட்சி. அகதிகள் விஷயம் எல்லாம் அவர்கள் கையில்தான்.

"வேற வேலை கிடைக்காதுங்களா?"

"கிடைக்கும், ஆனா எப்ப எண்டு தெரியாது. வேலை போனால் மற்றவைக்கு யூனியனில காசு வரும். நான் சேந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை."

அவர் பேச்சை மாற்றிவிட்டார். கோவையில் பஞ்சு விலை எப்படி, திருப்பூரில் தண்ணீர்ப் பஞ்சமாமே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பி நடக்கும்போது என் சாம்பிள் தேறக்கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, எங்கள் கம்பெனியில் இந்த ஆர்டரை நம்பி மச்சான் வாங்கிப் போட்டிருக்கிற மெஷின்களும், அதற்காகச் சேர்த்த ஆட்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் வயிறுதான்.

மறுநாள் காலை சலவை அறைக்கு வரச் சொன்னார்கள். யென்சன் அங்கே இல்லை. கிர்ஸ்டனும் அருள்நேசனும் நானும்தான். மேசைமேல் என் சட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் நீளத்தில் குறுகியிருந்தது. விலாப்பக்கம் இருக்கவேண்டிய தையல் தொப்புளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரோ சட்டையைப் பிடித்துப் பிழிந்து அப்படியே விட்டதுபோல.

அவர்கள் துணியைக் கொதிக்கிற மாதிரி வெந்நீரில் மெஷினில் சுழற்றி, அனல் காற்றில் காயவைக்கிறார்கள். நாங்கள் ஊரில் சோதித்தது எப்படி? கிணற்றுத் தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டோம், அப்படியே இருந்தது, திருப்தியாகப் பெட்டியில் வைத்துவிட்டோம். உலகப் படத்தில் டென்மார்க்கை அரைத் தூக்கத்திலும் தொட்டுக் காட்டுகிற எனக்கு, அந்தக் குளிரில் மொட்டை மாடியில் சட்டை காயாது என்பது தோன்றவே இல்லை.

உங்கள் மெஷின் சூடுதான் காரணம், இப்படித் துவைத்தால் எந்தச் சட்டைதான் தாங்கும் என்று சண்டை போடத் தயாரானேன். அதற்குள் கிர்ஸ்டன் பேசினாள். அருள்நேசன் சொன்னார்:

"தையல் நல்லா இருக்காம். ஆனா கழுவினாப் பிறகு குறுகிப்போச்சாம். பக்கத் தையல் முன்னுக்குத் திரும்பிப்போச்சாம்."

கிர்ஸ்டன் நிறுத்தவில்லை. சட்டையை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி நீவி நிறைய நேரம் ஏதோ சொன்னாள். கடைசியில் அருள்நேசனைப் பார்த்தாள், சொல்லு என்கிற மாதிரி.

அவர் சொல்லவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க தம்பி சொல்றாங்க?"

கிர்ஸ்டன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடத்திலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. பிறகு அருள்நேசன் சொன்னார்:

"துணி பின்னி முடிஞ்ச கையோட வெட்டியிருக்கிறியளாம். ரோலில இழுபட்டு இருந்த துணி ஆறேல்லையாம். விரிச்சுப் போட்டு, ஒரு நாள் முழுக்க ஆற விட்டு, பேந்து வெட்டினால் இப்பிடித் திரும்பாதாம். குறுகிறதும் குறைஞ்சுபோமாம். மற்றபடி இஞ்ச நாங்கள் தைக்கிறதை விட இது திறமாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணியை இழுவை தளர ஆற வைக்கவேண்டும் என்பது எங்கள் கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. ஆனால் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், வந்த நேரத்தில் வெட்டித் தள்ளிவிடுவதுதான் எங்கள் பழக்கம். துணி ஆறட்டும் என்று காத்திருந்தால் வெட்டுகிற மெஷின் நின்றுவிடும். கரண்டுக்குப் பயந்துதான் துணியை வெட்டினோம்.

மத்தியானம் யென்சன் அறையில் நான் சண்டை போடவில்லை. தப்பு எங்களுடையது, துணியை ஆற வைக்காமல் வெட்டினோம், ஜெனரேட்டர் போட்டாவது இனி ஆறவைத்து வெட்டுவோம், வெந்நீரில் சோதித்துப் புதிய சாம்பிள் அனுப்புகிறோம் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கிர்ஸ்டனும் இதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் சலவை மெஷினை நீங்கள் குறை சொல்லியிருந்தால் இன்றைக்கே உங்களை வழியனுப்பியிருப்பேன்."

புதிய சாம்பிள் தேறியதும் ஆர்டர் என்று கை கொடுத்தார். நல்ல ஆர்டர். மச்சான் கேட்டால் குதிப்பான். எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு தையல் கூடத்தைக் கடந்து வெளியே போகமுடியாமல், கொல்லைப்பக்கக் கதவு எங்கே என்று கேட்டு அதன் வழியாகப் போனேன்.

அந்தக் கதவுக்கு வெளியே சைக்கிளோடு நின்ற கிர்ஸ்டனிடம், ஏன் திருத்தும் வழியையும் சொன்னீர்கள் என்று கூட வந்த அருள்நேசனைக் கேட்கச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினாள்.

"வேற என்னத்தைச் சொல்லுறது எண்டு கேக்கிறா" என்றார் அருள்நேசன்.

"நீங்க ஏனுங்க நடுவுல நிறுத்தினீங்க?"

"சொல்லாமல் விடுவமோ எண்டு யோசிச்சனான்" என்றார். மறைக்கவே இல்லை. "சொல்லாமல் விட்டால் நீங்கள் அவரோட சண்டை பிடிப்பியள், ஓடர் போயிடும், எனக்கு வேலை இருக்கும். ஆனா அந்த மனுசி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவ. தன்ர வேலையும் போறது தெரிஞ்சுதானே அவ சொன்னவ. நான் என்னெண்டு விழுங்குறது?"

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். கையுறைக்குள் விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

"தம்பி, நீங்க திருப்பூருக்கே வந்துடுங்க. கட்டிங் சூப்பர்வைசரா போடச் சொல்றேன். இந்த வேலைதானே அங்க வருது? பொண்டாட்டி புள்ளையும் பக்கத்துலயே இருப்பாங்க."

அவர் சிறிது தூரம் நடந்த பிறகு சொன்னார்:

"வேலை அங்க போகும் அண்ணை. நான் போக ஏலாது. இஞ்ச இருந்து வெளிக்கிட்டால் இந்தப் பேப்பர் போயிடும். அங்கயும் நாங்கள் அகதிதானே, எத்தினை நாளைக்கு இருக்க விடுவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? மகள் ஒரு இடத்தில படிக்க வேணும்."

நான் வகுப்பில் நடத்திய காரணங்களில் ஆட்களும் உண்டு. மலிவான கூலியாட்கள் உள்ள இடத்துக்குத் தொழில் போகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தொழில் போகிற இடத்துக்கு ஆள் போகமுடியாமல் நிற்பான் என்பது எனக்கே தெரியாது. அன்றைக்கு ரோட்டில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்புகிற அன்று ஸ்டேஷனுக்கு அவர்தான் வந்தார். இந்தமுறை கப்பலில் பெட்டி மாறக்கூடாது என்று, என் பெட்டி எண்ணைக் கையில் பெரிதாக எழுதிவிட்டார். ரயில் வந்து நின்ற பிறகு, கேட்கலாமா என்பது போல் நின்றார்.

"அண்ணை, ரீட்டாவுக்குத் தையல் நல்லாத் தெரியும். மன்னாரில ரவிக்கை தைச்சவ. உங்கட கொம்பனியில அவவுக்கு ஒரு வேலை குடுப்பியளோ?"

"இதைக் கேக்கணுமாங்க? போன உடனே ஆள் அனுப்பறேன்."

"ஒண்டு. நீங்கள் தைக்கப்போறது எந்தக் கொம்பனிச் சட்டை எண்டு மட்டும் அவவுக்குச் சொல்லாதேங்கோ. வேலை போகுது எண்டு நான் எழுதப்போறதில்லை. வேற ஒண்டு கிடைச்ச பிறகு எழுதுவன். என்ர வேலையைத்தான் தான் தைக்கிறன் எண்டு தெரிஞ்சால், அவ அதில கை வைக்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். கதவு சாத்திக்கொண்டது.

புதிய சாம்பிள் தேறியது. வசந்தத்தில் அந்தத் தையல் கூடத்தை மூடினார்கள் என்று யென்சனின் தந்தியிலிருந்து தெரிந்தது. அந்த மாதமே ரீட்டா குழந்தையோடு திருச்சியிலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்தாள். சுத்தமான கை. பத்து பேர் தைத்துக் கலந்து வைத்தாலும் அவள் தைத்தது எது என்று எடுத்துவிடலாம். சேர்ந்த முதல் நாளே மச்சான் அவளை எக்ஸ்போர்ட் வரிசையில் உட்காரவைக்கப் போனான். நான் தடுத்துவிட்டேன்.

காரணம், டென்மார்க் சட்டையின் கழுத்தில் தைக்கிற லேபிளில் கம்பெனி பெயருக்குக் கீழே ஹேர்னிங் என்று ஊர் பெயரும் இருக்கிறது. புருஷன் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும் அவள் படிக்கிற ஊர் அது. அதனால் அவளை மதராஸுக்குப் போகிற குழந்தைப் பனியன் பக்கம் போட்டேன். அந்தப் பக்கம் கூலி குறைவு. நல்ல கையை வீணடிக்கிறீர்கள் என்று மச்சான் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறான்.

போன வாரம் ரீட்டாவே என் அறைக்கு வந்தாள்.

"ஐயா, என்னை ஏன் அந்தப் பக்கம் விடுறியள் இல்லை? வெளிநாட்டுச் சட்டைக்குக் கூலி கூட எண்டு சொல்லினம். கொஞ்சம் கூட உழைச்சால் அவரிட்டை கெதியாப் போயிடலாம்."

அருள்நேசனுக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் பார்க்கலாம்மா என்றேன். போன மாதமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.